திரை சொல்லும் சாட்சி

'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?' என்பது நம் முன்னோர் வாக்கு. மின்சாரக் கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான உபதேசம் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. வானொலி கரகரத்தால் அதன் முதுகில் தட்டுவதும், தொலைக்காட்சியில் படம் ஆடினால் அதன் தலையில் குட்டுவதும் நம் வீடுகளில் வழிவழியாக நடந்துவரும் வைத்தியங்கள். கோளாறு கண்ணுக்குத் தெரிகிற இடம் திரை. ஆகவே குற்றமும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் திரை பெரும்பாலும் குற்றவாளியன்று, அது சாட்சி. சாட்சியை அடிப்பதனால் வழக்குத் துலங்காது. அருகே அமர்ந்து நிதானமாக விசாரித்தால் துலங்கும்.

இந்த விசாரணை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை, பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டு விளக்க விரும்புகிறோம். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை பக்கமா என்று அன்பர்கள் நினைக்கலாம். அந்தப் பெட்டி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட பெட்டி என்பதை அறிந்தால் அவ்வாறு நினைக்கமாட்டார்கள்.

செம்பூரில் நமக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1970களில் மும்பைக்கு வந்தவர். அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. மளிகைக் கடை வைத்திருந்த அவர், 1986-ஆம் ஆண்டில் கடையை ஒட்டிய சிறு அறையில், காசு போட்டு விளையாடும் பெட்டிகள் இரண்டினை வாங்கி வைத்தார். அவற்றுள் ஒன்று 'பாக்-மேன்'. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஈப்போல மொய்ப்பார்கள். அதில் விழுந்த நாணயங்களைக் கொண்டுதான் மூத்த மகள் கல்லூரிக்குப் போனாள் என்று மதினி இன்றும் சொல்வார்.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவர்கள் குடியிருந்த பழைய கட்டடம் இடிக்கப்பட்டுப் புதிதாக எழும்ப இருக்கிறது. பத்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நெடுங்காலம் மூலையில் கிடந்த பெட்டியை மகன் இயக்கிப் பார்த்திருக்கிறார். திரையில் பொருளற்ற எழுத்துகள் தோன்றியிருக்கின்றன.

"மெமரி போய்விட்டது, சித்தப்பா. ஒரு கடையில் கேட்டேன். மெமரி ஐ.சி.க்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும், அப்படியும் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். வெள்ளிக்கிழமை பங்கார்வாலா வருகிறான், எடைக்குப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார் மகன்.

மதினி வேறொன்றும் பேசவில்லை. "அதில் உயிர் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுங்கள், தம்பி. இல்லையென்றால் நானே எடுத்துப் போகச் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

இதைவிட நேர்மையான கேள்வியை நாம் நமது தொழிலில் கேட்டதில்லை.

பாக்-மேன் ஜப்பானில் பிறந்த விளையாட்டு. நாம்கோ நிறுவனத்தைச் சேர்ந்த டோரு இவாடானி என்பவர் தலைமையில் உருவாகி, 1980-ஆம் ஆண்டு மே மாதம் டோக்கியோவில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்கா சென்று, அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. மஞ்சள் நிற வட்டமுகம் ஒன்று நீலச் சுவர்களுக்கிடையே புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓடும். நான்கு பேய்கள் அதனைத் துரத்தும். இவ்வளவே கதை. அண்ணாச்சி வாங்கியது மூல நிறுவனத்தின் போர்டு அன்று. செய்தவர் பெயரே அச்சிடப்படாத நகல். எனினும் அது படம் வரையும் முறை ஒன்றே.

அந்த முறையைச் சிறிது தெரிந்துகொள்வோம். திரை முழுவதும் 28 பத்திகளும் 36 வரிசைகளும் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போடுவது போலத்தான். எந்தக் கட்டத்தில் எந்த உருவம் வரவேண்டும் என்பதை 'ராம்' என்னும் நினைவகத்தில் ஓர் எண்ணாக எழுதிவைப்பது இஸட்-80 என்ற செயலியின் வேலை. அந்த எண்ணுக்குரிய உருவத்தின் வடிவம் தனியே ஓர் 'ஈ.பி.ரோமில்' பதிவாகியிருக்கிறது. அதில் 256 உருவங்கள். ஒவ்வொன்றும் நீளத்தில் 8 புள்ளி, அகலத்தில் 8 புள்ளி. எழுத்துகள், இலக்கங்கள், சுவர்த் துண்டுகள், தின்னும் புள்ளிகள் யாவும் இவற்றுள் அடக்கம். ஓடியாடும் மஞ்சள் முகமும் பேய்களும் மட்டும் வேறொரு ஈ.பி.ரோமிலிருந்து வேறொரு வழியாக வந்து மேலே ஒட்டிக்கொள்கின்றன.

இதில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. செயலி எழுதுகிறது, படம் வரையும் பகுதி தானாகவே வாசித்து வரைகிறது. செயலி மயங்கிக் கிடந்தாலும் வரையும் பகுதி தன் கடமையை நிறுத்துவதில்லை. மின்சாரம் வந்த கணத்தில் நினைவகத்தில் தாறுமாறாகக் கிடக்கும் எண்களையே எடுத்து உருவங்களாக வரைந்துவிடும். ஆகவே திரை முழுதும் குப்பை தோன்றுவதும் ஒருவகையில் நற்செய்தியே. போர்டில் பாதி நலமாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

விசாரணைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மின்சாரம். இவ்வகை ஐ.சி.க்களுக்கு வேண்டியது 5 வோல்ட், 4.75-க்குக் குறையவும் கூடாது, 5.25-க்கு மிகவும் கூடாது. இதனைப் பவர் சப்ளையின் வாயிலில் அளந்து திருப்தியடையக் கூடாது. போர்டின் கடைக்கோடியில் உள்ள ஐ.சி.யின் காலில் அளக்க வேண்டும். போர்டைச் செருகும் கனெக்டர் பல ஆண்டுகள் சூடேறிக் கருத்திருந்தால் வழியிலேயே மின்னழுத்தம் தேய்ந்துவிடும். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மாடியில் பார்க்க வேண்டுமேயன்றித் தெருமுனையில் பார்த்துப் பயனில்லை.

இரண்டாவது, மானிட்டரையும் போர்டையும் பிரித்து ஆராய்வது. நடுவே பிரகாசமான ஒற்றைக் கோடு மட்டும் தெரிந்தால் அது மானிட்டரின் நோய், போர்டைத் தொடவேண்டியதில்லை. இந்த விளையாட்டில் பிக்சர் டியூபைப் பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்தியிருப்பதால் அக்கோடு படுத்திராமல் நெட்டுக்குத்தாக நிற்கும். இங்கே எச்சரிக்கை ஒன்று. வண்ண பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் சில காலம் அங்கேயே இருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதன் பின்புறத்தில் கைவைக்கவே கூடாது.

மூன்றாவது, படம் நிலைத்து நிற்கிறதா என்பது. போர்டில் 18.432 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று துடித்துக்கொண்டிருக்கிறது. அதன் மூன்றில் ஒரு பங்கு, அதாவது விநாடிக்கு 61,44,000 துடிப்பு, ஒவ்வொரு புள்ளிக்கும் தாளம் போடுகிறது. 384 தாளம் சேர்ந்தால் ஒரு கோடு. 264 கோடு சேர்ந்தால் ஒரு படம். கணக்கிட்டுப் பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 60.6 படங்கள் வரும். இந்தத் தாளத்தைக் கணக்கிடும் ஐ.சி.க்களிலோ, அதை மானிட்டருக்குக் கொண்டுசெல்லும் கம்பியிலோ பிழை இருந்தால் படம் உருளும், அல்லது சாய்ந்து கிழியும்.

நான்காவது, வண்ணம். சிவப்புக்கு மூன்று, பச்சைக்கு மூன்று, நீலத்துக்கு இரண்டு என்று எட்டு ரெஸிஸ்டர்கள் சேர்ந்து வண்ணங்களைக் கலக்கின்றன. ஒரு வண்ணம் அடியோடு மறைந்தால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு வண்ணத்தின் சாயை மட்டும் பிசகினால் அந்த ரெஸிஸ்டர்களைப் பார்க்க வேண்டும். உருவம் சரியாக இருந்து, கட்டம் கட்டமாக நிறம் மட்டும் மாறியிருந்தால் வண்ணத்துக்கென்று தனியே உள்ள நினைவகத்தைப் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சியின் பெட்டி இந்த நான்கு கேள்விகளுக்கும் செவ்வையாகவே விடை சொல்லிற்று. கடைக்கோடி ஐ.சி.யில் 4.9 வோல்ட் இருந்தது. படம் ஆடவில்லை. வண்ணம் குறையவில்லை. பேய்களும் மஞ்சள் முகமும் அப்பழுக்கின்றித் தோன்றின. சுவர்களில் பல துண்டுகள் மட்டும் இடம்மாறிக் கிடந்தன; எழுத்துகள் பிதற்றின.

நாம் அந்தப் பிதற்றலை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொண்டோம். எவ்வளவு பொருளற்றதாகத் தோன்றினாலும் திரையில் கண்டதை முதலில் எழுதிக்கொள்வது நமது வழக்கம். இந்த விளையாட்டு மின்சாரம் பெற்றதும் தன் நினைவகங்களைத் தானே சோதித்துக்கொள்ளும். எண்ணை எழுதி, திரும்ப வாசித்து, இரண்டும் ஒத்திருந்தால் 'மெமரி ஓகே' என்று ஆங்கிலத்தில் அறிவிக்கும். ஒவ்வாவிட்டால் மேலே செல்லாது. அந்த அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் எல், டி, எல், என், ஆர், எக்ஸ் என்று ஆறு எழுத்துகளும், இடைவெளி விட்டு என், ஜே என்று இரண்டும் இருந்தன.

இவற்றுக்கு நேராக வந்திருக்க வேண்டிய எழுத்துகள் எம், இ, எம், ஓ, ஆர், ஒய். பின்னர் ஓ, கே. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் சிறு குழந்தையும் கண்டுகொள்ளும். 'ஆர்' மட்டும் தப்பியது. ஏனைய ஏழும் ஆங்கில நெடுங்கணக்கில் ஒவ்வோரெழுத்துப் பின்வாங்கியிருக்கின்றன. ஓடிவந்த பிள்ளைகள் வரிசையில் ஒருபடி தவறி நின்றது போல.

'ஆர்' ஏன் தப்பியது? அதற்கு எண்களைப் பார்க்க வேண்டும். கணிப்பொறிகளில் ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒழுங்கு அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. பாக்-மேனின் எழுத்துகளும் அதே எண்களைப் பின்பற்றுகின்றன. எம் 77, இ 69, ஓ 79, ஒய் 89, கே 75. இவை யாவும் ஒற்றைப்படை. ஆர் மட்டும் 82, இரட்டைப்படை. ஒற்றைப்படை எண் ஒவ்வொன்றும் ஒன்று குறைந்திருக்கிறது, இரட்டைப்படைக்குச் சேதமில்லை.

எட்டு விளக்குகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுத்து, எரிகிற விளக்குகளின் மதிப்பைக் கூட்டி ஓர் எண்ணைச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறி எண்களைச் சொல்வது இப்படித்தான். ஒற்றைப்படை எண் எதுவாயினும் 1 என்ற கடைசி விளக்கு எரிந்தே தீரவேண்டும். அந்த விளக்கு அணைந்துபோனால் 77 என்பது 76 ஆகும். 82-க்கு ஒரு குறையும் நேராது. ஆக, எட்டு வழிகளில் ஒரே ஒரு வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. விளையாட்டுத் தொடங்கும்போது வரும் 'ரெடி' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஏ' என்ற எழுத்து அடியோடு காணாமற்போயிருந்ததற்கும் காரணம் இதுவே. ஏ 65, அதில் ஒன்று குறைந்தால் 64, இந்த விளையாட்டில் 64 என்பது வெற்றிடத்தின் எண்.

எங்கே அடைபட்டது? இங்கேதான் சாட்சியின் மதிப்புத் தெரிகிறது. நினைவகம் கெட்டிருந்தால் சோதனை தேறியிராது. விளையாட்டு இந்த அறிவிப்புக்கு வந்திராது. எழுத்து பிழையாக இருந்தாலும் சொன்ன செய்தி மெய்யானது: நினைவகம் நலமே. எழுத்து வடிவங்கள் பதிந்த ஈ.பி.ரோம் கெட்டிருந்தால் எழுத்துகள் சிதைந்தும் புள்ளி விழுந்தும் தோன்றியிருக்கும். இங்கே 'எல்' என்பது குறையற்ற 'எல்'. 'ஜே' என்பது குறையற்ற 'ஜே'. எனவே வடிவங்களும் நலமே. நினைவகத்திலிருந்து எண் புறப்பட்டு, வடிவம் தரும் ஈ.பி.ரோமைச் சென்றடையும் சிறிய வழியில்தான் பிழை. ஐ.சி.க்கள் நிறைந்த போர்டில் சந்தேகத்துக்கு உரிய இடம் ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இன்னொரு சாட்சியும் இருந்தது. மகனை விளையாடச் சொன்னோம். சுவர் அறுந்திருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் மஞ்சள் முகத்தை நுழைக்க முயன்றார், நுழையவில்லை. பேய்களும் தெரியாத சுவரை மதித்து, சரியான மூலையில் திரும்பி ஓடின. செயலி திரையைப் பார்த்து ஓட்டுவதில்லை. நினைவகத்தில் உள்ள எண்ணைப் பார்த்தே ஓட்டுகிறது. உள்ளே இருக்கும் உலகம் முழுமையாகத்தான் இருந்தது. அதைக் கண்ணுக்குக் காட்டும் வழியில்தான் இடறல்.

பிறகு நடந்தது கைவேலை. நினைவகம் தரும் எண்ணை ஒரு கணம் பிடித்துவைத்து ஈ.பி.ரோமுக்கு ஒப்படைக்கும் 'லாட்ச்' ஐ.சி.யைக் கண்டோம். 1 என்ற வழி அதனுள் நுழையும் காலில் லாஜிக் புரோபை வைத்தபோது துடிப்பு இருந்தது. வெளியேறும் காலில் துடிப்பே இல்லை, எப்போதும் பூஜ்யம். உடனே ஐ.சி.யைக் குற்றவாளி என்று தீர்மானித்துவிடக் கூடாது. அடுத்திருப்பவர் அதன் வாயைப் பொத்தியிருக்கவும் கூடும். ஈ.பி.ரோமை ஸாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி பார்த்தோம், பூஜ்யமே. அந்த ஒரு காலை மட்டும் போர்டோடு சேருமிடத்தில் வெட்டித் தனியே தூக்கிப் பார்த்தோம். போர்டின் செப்புக்கோடு பூஜ்யத்தினின்று விடுபட்டது. வெட்டிய கால் அப்போதும் பூஜ்யத்திலேயே கிடந்தது. வழக்கு முடிந்தது.

முழு ஐ.சி.யையும் சூடு காட்டிப் பிடுங்க முயல்வது பழைய போர்டுக்கு ஆபத்து. பழம்பசையில் ஒட்டிய செப்புக்கோடுகள் சூட்டில் உரிந்து வந்துவிடும். கால்களை ஒவ்வொன்றாக வெட்டி, உடலை எடுத்தெறிந்து, மிஞ்சிய துண்டுகளைத் தனித்தனியே இளக்கி எடுத்து, அவ்விடத்தில் ஸாக்கெட் வைப்பதே பத்திரமான முறை. மெமரி ஐ.சி.க்கள் அனைத்தையும் மாற்றியிருந்தால், நலமாக இருந்தவற்றை எறிந்து, போர்டையும் உரித்து, கடைசியில் அதே பிழையைத்தான் மீண்டும் கண்டிருப்பார்கள். புதிய லாட்ச் லாமிங்டன் சாலையில் கிடைத்தது. அதன் விலை ஒரு தட்டுத் தோசைக்குக்கூடக் காணாது.

படப் பிழை என்று கண்டதையெல்லாம் ஐ.சி.யின் தலையில் சுமத்தக் கூடாது என்பதற்கும் இதே விளையாட்டில் உதாரணம் உண்டு. மிகத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் 256-ஆம் கட்டத்தை அடைந்தால் திரையின் வலப்பாதி முழுதும் குப்பையாகிவிடும். கட்டங்களை எண்ணும் இடத்தில் எட்டு விளக்குகளே உண்டு. அவை 255-க்கு மேல் எண்ணா. எண்ணிக்கை சுழன்று பூஜ்யத்துக்கு வந்துவிட, பழங்களை வரையும் பகுதி கணக்குத் தப்பி 256 படங்களை வரைய முயன்று எல்லையை மீறுகிறது. அது நிரலிலேயே உள்ள குறை, எந்த ஐ.சி.யை மாற்றினாலும் தீராது.

புலம்பெயர்ந்து வாழும் நம்மிடையே ஒரு வருத்தம் அடிக்கடி கேட்கிறது. பிள்ளைகள் வாயில் 'ழ' நுழையவில்லை, 'ள'வும் 'ல'வும் குழம்புகின்றன. தமிழே போய்விட்டது என்று பெற்றோர் கைவிரிக்கிறார்கள். நாம் அவர்களை ஒன்று கேட்போம். பாட்டி சொன்னது அந்தப் பிள்ளைக்குப் புரிகிறதா? கோபித்தால் முகம் வாடுகிறதா? கதை சொன்னால் அடுத்தது என்ன என்று கேட்கிறதா? அப்படியானால் உள்ளே எண்கள் சரியாகவே இருக்கின்றன. வெளியே வரும் வழியில் ஓரெழுத்து இடறுகிறது. அந்த ஓரெழுத்துக்குப் பாடுபட வேண்டுமேயன்றி, பெட்டியையே எடைக்குப் போட்டுவிடக் கூடாது.

வியாழன் மாலை புதிய ஐ.சி.யைச் செருகி மின்சாரம் கொடுத்தோம். மகன் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். எட்டும் சரியாக இருந்தன. மதினிக்கு ஆங்கிலம் தெரியாது. "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

"நினைவு நன்றாக இருக்கிறதாம், அம்மா" என்றார் மகன்.

மறுநாள் பங்கார்வாலா வந்து, பழைய பீரோவையும் இரண்டு கட்டில்களையும் எடுத்துக்கொண்டு போனார். பெட்டி புதிய வாடகை வீட்டின் கூடத்தில் நிற்கிறது. அங்கே இடம் நெருக்கடிதான். சாப்பாட்டு மேசையைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டார்கள்.